ஸ்கூட்டர் டியூப்லெஸ் வேறு, சைக்கிள் டியூப்லெஸ் வேறு: ரோடு பைக் சக்கரத்தில் பார்க்க வேண்டிய எண்கள்

"டியூப்லெஸ்தானே ப்ரோ, அப்போ பஞ்சரே ஆகாதுல்ல?"

ரோடு பைக் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் சில கேள்விகளில் இதுவும் ஒன்று. (பைக் என்றதும் மோட்டார் பைக் என்று நினைத்துவிட வேண்டாம். வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் வைத்த சைக்கிளைத்தான் சொல்கிறோம்.) கேள்வியில் தப்பில்லை. ஸ்கூட்டரும் காரும் டியூப்லெஸ்ஸுக்கு மாறி ரொம்ப நாளாச்சு. ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு ஸ்ட்ரிப்பைச் சொருகி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். அதே வசதி சைக்கிளுக்கும் வந்துவிட்டது என்று நினைப்பது இயல்புதான்.

ஆனால் பெயர்தான் ஒன்று. ஸ்கூட்டரில் டியூப்லெஸ் என்பது டயரின் குணம். வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. ரோடு சைக்கிளில் அது டயரும் ரிம்மும் சேர்ந்த ஒரு ஜோடிப் பொருத்தம். பொருத்தம் சரியாக இருந்தால் சுகமான சவாரி. தப்பாக இருந்தால், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரலாம்.

சைக்கிளில் அப்படி என்ன சிக்கல்?

முதல் வித்தியாசம், சக்கரத்திலேயே இருக்கிறது. ஸ்கூட்டரின் அலாய் வீல் ஒரே வார்ப்பு. காற்று போக வழியில்லை. சைக்கிள் ரிம்மிலோ ஒவ்வொரு ஸ்போக்குக்கும் ஒரு துளை. ஒரு சக்கரத்தில் 20, 24, 28 என்று துளைகள் இருக்கும். ஸ்போக் வீல் வைத்த மோட்டார் பைக்குகளில் பெரும்பாலும் இன்னும் டியூப் இருப்பதற்கும் இதுதான் காரணம். சைக்கிளில் இந்தத் துளைகளை அடைக்க ரிம்மின் உள்பக்கம் முழுக்க ஒரு தனி டேப்பை இழுத்து, சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். டேப்பில் ஓர் ஓரம் தூக்கினாலும் காற்று ஸ்போக் வழியாகக் கசியும். (துளையே இல்லாத உள்தளத்தோடு வரும் சில ரிம்களும் உண்டு. அவற்றுக்கு டேப் வேண்டாம், விலைதான் கூடுதல்.)

இரண்டாவது வித்தியாசம், காற்றழுத்தம். ஸ்கூட்டருக்கு 20-களில் இருந்து 30-களுக்குள், காருக்கு 30-க்குச் சற்று மேலே பி.எஸ்.ஐ காற்று அடிப்போம். டியூப் போட்ட 25 மிமீ ரோடு டயருக்கு 90, 100 பி.எஸ்.ஐ சாதாரணம். டியூப்லெஸ்ஸில் 28 மிமீ டயர் என்றால் நடுத்தர எடை உள்ளவருக்கு 65-70 பி.எஸ்.ஐ போதும். அதுவே கார் டயரைப் போல இரண்டு மடங்கு. அதே சமயம் டயருக்குள் இருக்கும் காற்றின் அளவோ மிகக் குறைவு. துளை விழுந்தால் இந்தக் கொஞ்சம் காற்று வேகமாக வெளியே பாய்ந்துவிடும். ஸ்கூட்டர் மாதிரி "மெதுவா இறங்கும், வீடு போய்ப் பாத்துக்கலாம்" என்ற அவகாசம் கிடைக்காது.

அதனால்தான் சீலன்ட். ஒவ்வொரு டயருக்குள்ளும் சுமார் 30 முதல் 60 மில்லி பால் போன்ற திரவத்தை ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் ரப்பர் பாலில் நுண்துகள்கள் கலந்த கலவை இது. சக்கரம் சுழலும்போது டயரின் உள்சுவர் முழுக்கப் பரவி நிற்கும். முள் குத்தி, காற்று வெளியேறும் இடத்தில் திரவம் சென்று உறைந்து அடைத்துக்கொள்ளும். நம் ஊர் சீமைக்கருவேல முள்ளுக்கும், லாரி டயர் வெடித்து நெடுஞ்சாலையில் சிதறிக் கிடக்கும் மெல்லிய கம்பி இழைக்கும் இது நல்ல மருந்து. குத்தியதே தெரியாமல் போய்க்கொண்டிருப்பீர்கள். கண்ணாடிச் சில்லு கிழித்த நீளமான வெட்டு என்றால் சீலன்ட் ஃபிரேம் முழுக்கத் தெளிக்குமே தவிர, அடைக்காது.

ஆக, "பஞ்சரே ஆகாதா?" என்ற கேள்விக்குப் பதில்: ஆகும். சின்னப் பஞ்சர்கள் பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

இவ்வளவு பாடு எதற்கு?

1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் முதல் பந்தயத்தில் சார்ல் தெரோன் வென்றபோது அவர் சக்கரத்தில் இருந்தது மிஷ்லின் சகோதரர்களின் கழற்றி மாட்டக்கூடிய டயர். அன்றிலிருந்து டயர், உள்ளே டியூப் என்ற ஏற்பாடு நன்றாகவே ஓடியிருக்கிறது. தொழில்முறைப் பந்தய வீரர்கள் டியூபைச் சுற்றித் தைத்த டயரை ரிம்மில் பசை போட்டு ஒட்டி ஓட்டினார்கள். அதற்கு டியூபுலர் என்று பெயர். டியூப்லெஸ்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மலைப்பாதை சைக்கிள்களுக்கு 1999-ல் மாவிக் நிறுவனம் டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தது. அங்கே டயர் தடிமன், அழுத்தம் குறைவு, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. ரோடு சைக்கிளுக்கு ஷிமானோவும் ஹட்சின்சனும் 2000-களின் நடுவிலேயே முயன்றும், பத்து ஆண்டுகளுக்கு மேல் அது ஆர்வலர்களின் சமாச்சாரமாகவே இருந்தது. மாவிக் தன் ரோடு டியூப்லெஸ் முறையை 2017-ல் வெளியிட்டது. கான்டினென்டல் 2018-ல் தன் புகழ்பெற்ற ஜி.பி.5000 வரிசையில் டியூப்லெஸ் டயரைச் சேர்த்தது. 2021 அக்டோபரில் சேறும் மழையுமாக நடந்த பாரிஸ்-ரூபே பந்தயத்தில், கருங்கல் பாவிய சாலைகளைக் கடந்து சோனி கொல்பிரெல்லி வென்றது டியூப்லெஸ் டயரில். அதற்குப் பிறகு "இது நம்பலாமா?" என்று கேட்ட அணிகள் குறைந்துவிட்டன.

காரணம் எளிது. டியூப் இருக்கும்போது ஒவ்வொரு சுழற்சியிலும் டயரோடு டியூபும் நசுங்கி விரிகிறது. அதில் கொஞ்சம் சக்தி வீணாகிறது. டியூப் இல்லையென்றால் அந்த இழப்பு இல்லை. அதைவிடப் பெரிய லாபம், அழுத்தத்தைக் குறைக்க முடிவது. டியூப் வைத்த டயரில் காற்றைக் குறைத்தால், பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஓட்டை விழும். சைக்கிள்காரர்கள் இதைப் பாம்புக்கடி என்பார்கள். கடிக்க டியூபே இல்லாததால் டியூப்லெஸ்ஸில் தைரியமாகக் குறைவாகக் காற்று அடிக்கலாம். சொரசொரப்பான சாலையில் கல்லைப் போல இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் உங்களைத் தூக்கிப் போடும். சற்றே மெதுவான டயர் அதை விழுங்கிக்கொண்டு முன்னே போகும். வேகமும் கூடுகிறது, மணிக்கட்டு வலியும் குறைகிறது. கணக்கில்லாத வேகத்தடைகள் உள்ள நம் சாலைகளில் இது கடையில் சொல்லப்படுவதைவிடப் பெரிய விஷயம்.

எடை குறையும் என்று சொல்வதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். 100 கிராம் டியூப் போகிறது, சரி. ஆனால் டியூப்லெஸ் டயர் சற்று கனம். உள்ளே சீலன்ட் வேறு. கழித்துப் பார்த்தால் மிச்சம் சொற்பம்.

கொக்கி இருக்கா, இல்லையா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். டியூப் இல்லாத டயரை ரிம்மில் பிடித்து வைப்பது எது?

டயரின் இரண்டு ஓரங்களிலும் நீளாத இழையாலான ஒரு வளையம் இருக்கும். மெக்கானிக்குகள் பீட் என்பார்கள். காற்று அடித்ததும் பீட் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, ரிம்மின் சுவரோடு 'டப்' என்ற சத்தத்துடன் போய் உட்காரும். வழக்கமான ரிம்மில் அந்தச் சுவரின் மேல்முனை உள்நோக்கி லேசாக வளைந்திருக்கும். அதுதான் ஹுக், அதாவது கொக்கி. பீட் மேலே ஏறப் பார்த்தால் கொக்கி தடுக்கும்.

கடந்த சில ஆண்டுகளில் ஜயன்ட், ஜிப், என்வே போன்ற நிறுவனங்கள் ரோடு சக்கரங்களில் இந்தக் கொக்கியை எடுத்துவிட்டன. நேரான சுவர், அவ்வளவுதான். இதற்கு ஹுக்லெஸ் என்று பெயர். கார், ஸ்கூட்டர் ரிம்களிலும் இப்படிப்பட்ட கொக்கி கிடையாது என்பது இவர்கள் வாதம். டயரும் ரிம்மும் சேரும் இடம் வழுக்கலாக இருப்பதால் காற்று எதிர்ப்பு குறையும், ரிம்மின் ஓரம் தடிமனாக இருப்பதால் அடி தாங்கும் என்பார்கள். உற்பத்திக் காரணமும் உண்டு: கார்பன் ரிம்மை அச்சில் வார்க்கும்போது உள்வளைந்த கொக்கி கூடுதல் வேலை. அது இல்லையென்றால் அச்சு எளிது, செலவு குறைவு. இந்த மிச்சத்தில் எவ்வளவு வாங்குபவரின் பைக்கு வந்தது என்பது தனிக் கேள்வி.

கொக்கி இல்லாத ரிம்மில் பீட்டைப் பிடித்து வைப்பது இரண்டு விஷயங்கள் மட்டுமே: பீட் கொஞ்சம்கூட நீளாமல் இருப்பது, காற்றழுத்தம் எல்லை தாண்டாமல் இருப்பது. இதனால்தான் ரோடு ஹுக்லெஸ்ஸுக்கு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ என்ற உச்சவரம்பு வந்தது. டியூப் போட்ட டயருக்கு 100 பி.எஸ்.ஐ அடித்துப் பழகிய கைக்கு இது ஆபத்தான அளவு நெருக்கம்.

உலகம் பார்த்த ஒரு விபத்து

2024 பிப்ரவரியில் நடந்த யு.ஏ.இ டூர் பந்தயத்தின் ஐந்தாம் நாள். லோட்டோ-டிஸ்ட்னி அணியின் தோமஸ் டி ஹெண்ட் கீழே விழுந்தார். பெல்ஜியம்காரர்; தனியாகப் பிய்த்துக்கொண்டு போய் வெற்றி பெறுவதில் பேர்போனவர். அவர் விழுந்த படத்தில் எல்லோர் கண்ணும் போனது முன்சக்கரத்துக்குத்தான். டயர் ரிம்மை விட்டு முழுக்கக் கழன்று, உள்ளே வைத்திருந்த நுரை வளையமும் சேர்ந்து சிக்கிக் கிடந்தது. ஜிப் நிறுவனத்தின் ஹுக்லெஸ் சக்கரம், விட்டோரியா டயர். நல்லவேளையாக அவருக்குப் பெரிய காயம் இல்லை.

சக்கரத் தரப்பும் டயர் தரப்பும் சொன்ன விளக்கம்: சாலையில் கிடந்த கல்லில் மோதியதில் ரிம் உடைந்தது, அதன் பிறகே டயர் கழன்றது. அப்படியே இருக்கலாம். ஆனால் விபத்துக்குப் பிறகு வெளியே வந்த அளவுகள்தான் விவாதத்தைக் கிளப்பின. ரிம்மின் உள் அகலம் 25 மிமீ, டயர் 28 மிமீ. அந்த ஜோடி பொருந்தும் என்று இரு நிறுவனங்களின் பட்டியலும் சொன்னது. அப்போது புதிதாக வந்திருந்த தொழில்துறைப் பரிந்துரையோ, அந்த ரிம்முக்குக் குறைந்தது 29 மிமீ டயர் வேண்டும் என்றது. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்.

வீரர்கள் சங்கத் தலைவரும் முன்னாள் வீரருமான ஆடம் ஹேன்சன், பந்தயங்களில் ஹுக்லெஸ்ஸே கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். பஞ்சர் ஆனாலும் டயர் ரிம்மிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ விஷயத்தை ஆராய்வதாக அறிவித்தது. உடனடித் தடை எதுவும் வரவில்லை.

நம்மைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியது இதுதான்: சக்கரத்துக்கு ஒரு மெக்கானிக், டயருக்கு ஒரு மெக்கானிக், இருவருக்கும் மேலே நிறுவனப் பொறியாளர்கள் என்று வைத்திருக்கும் அணியிலேயே பொருத்தம் விளிம்பில் நின்றிருக்கிறது. ஆன்லைனில் பழைய கார்பன் சக்கரம் வாங்கி, வீட்டில் கிடக்கும் டயரை மாட்டுகிறவர் நிலைமை எப்படி இருக்கும்?

மாட்டும் முன் எதைப் பார்ப்பது?

ரிம்மின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரிலோ, நிறுவனத்தின் இணையதளத்திலோ "622 x 23" என்பதுபோல ஓர் எண் இருக்கும். 622 என்பது டயர் உட்காரும் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ரோடு பைக்கில் 700சி என்று சொல்வது இதைத்தான். 23 என்பது உள் அகலம். பக்கத்தில் ஆங்கிலத்தில் டி.எஸ்.எஸ் என்ற மூன்றெழுத்து இருந்தால் கொக்கி இல்லாத நேர்ச்சுவர், டி.சி என்றால் கொக்கி உள்ள டியூப்லெஸ் ரிம். எதுவும் இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். "எல்லாம் போடலாம் சார்" என்ற பதில் வந்தால் வேறு கடைக்குப் போகலாம்.

டயரின் பக்கச்சுவரில் "28-622" என்று இருக்கும். முதல் எண் டயரின் அகலம். 23 மிமீ உள் அகல ஹுக்லெஸ் ரிம் என்றால் பொதுவாக 28 மிமீக்குக் கீழே போகக் கூடாது. 25 மிமீ ரிம் என்றால் 30 எடுத்துவிடுங்கள், தலைவலி இல்லை. அகலமான ரிம்மில் டயர் விரிந்து உட்காரும் என்பதும் நினைவிருக்கட்டும். பெயருக்கு 28, ஸ்கேல் வைத்து அளந்தால் 29, 30 என்று வரும். பழைய ரிம் பிரேக் சைக்கிள்களில் பிரேக்குக்கு அடியில் அவ்வளவு இடம் இருக்காது.

ரிம், டயர் இரண்டிலும் அதிகபட்ச அழுத்தம் எழுதியிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. டயரில் 100 பி.எஸ்.ஐ என்று போட்டிருக்கிறதே என்று ஹுக்லெஸ் ரிம்மில் 100 அடிக்கக் கூடாது. எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் 28 மிமீ டயருக்கு 72.5-ஐ ஒட்டியோ தாண்டியோதான் காற்று தேவைப்படும். அப்போது அழுத்தத்தை ஏற்றாமல் டயரை 30 அல்லது 32-க்கு மாற்றுங்கள். ஃபிரேமில் இடம் இல்லையா? ஹுக்லெஸ் உங்களுக்கான சக்கரம் இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: ஹுக்லெஸ் ரிம்மில் டியூபுக்கான சாதாரண டயரை, உள்ளே டியூப் வைத்துக்கூட, மாட்டவே கூடாது. அதன் பீட் கொக்கியை நம்பிச் செய்யப்பட்டது. கொக்கி இல்லாத இடத்தில் சற்றே நீண்டாலும் வெளியே வந்துவிடும். டியூப்லெஸ் ரெடி என்று எழுதிய டயர், அதிலும் ரிம் நிறுவனம் தன் பட்டியலில் ஏற்றுக்கொண்ட டயர் மட்டும்தான். கொக்கி உள்ள டியூப்லெஸ் ரிம்மில் இந்தக் கவலை இல்லை. இரண்டு வகையும் போடலாம். முதல்முறையாக டியூப்லெஸ் பக்கம் வருகிறவர்களுக்கு அதனால்தான் கொக்கி உள்ள ரிம்மைச் சொல்லத் தோன்றுகிறது. ஹுக்லெஸ்ஸில் கிடைக்கும் லாபம் தயாரிப்பாளருக்குப் புரியும் அளவு ஓட்டுபவருக்குப் புரிவதில்லை.

வெயில் ஒரு கணக்கு

ஐரோப்பாவில் எழுதப்படும் கையேடுகளில் இது பெரிதாக வராது. விடியற்காலை 25 டிகிரியில் 70 பி.எஸ்.ஐ அடிக்கிறீர்கள். சவாரி முடிந்து சைக்கிளைக் காருக்குள் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு டிபன் சாப்பிடப் போகிறீர்கள். மூடிய காருக்குள் வெயிலில் 60 டிகிரி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் படித்த வாயு விதிப்படி போட்டால் அழுத்தம் சுமார் 80 பி.எஸ்.ஐ. எல்லை 72.5. டயர் உடனே கழன்றுவிடும் என்றில்லை. நிறுவனங்கள் பாதுகாப்பு இடைவெளி வைத்துத்தான் எல்லையைச் சொல்கின்றன. ஆனால் அந்த இடைவெளியை நீங்கள் தோசை சாப்பிடும் நேரத்தில் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள். காரில் ஏற்றும் முன் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவது ஒரு விநாடி வேலை.

வீட்டு ஃப்ளோர் பம்பின் முள்ளும் ஐந்து, ஆறு பி.எஸ்.ஐ முன்பின் காட்டலாம். எல்லையை ஒட்டி ஓட்டுகிறவர்கள் தனி கேஜ் ஒன்று வாங்குவது நல்லது. பெட்ரோல் பங்க் காற்று? ரோடு பைக்கின் ஒல்லி வால்வு பிரெஸ்டா வகை. பங்க் குழாய் பொருந்த ஒரு சிறிய பித்தளை அடாப்டர் வேண்டும். புது டயரை ரிம்மில் உட்கார வைக்க ஒரே மூச்சில் நிறையக் காற்று தேவை என்பதால் பலர் பங்க்கைத்தான் நம்புகிறார்கள். செய்யலாம். அடிக்கும் பையனிடம் 50-ல் நிறுத்தச் சொல்லிவிட்டு, மிச்சத்தை வீட்டுப் பம்பில் அடியுங்கள். கார் டயருக்கும் இதற்கும் கொள்ளளவில் உள்ள வித்தியாசத்தில், ஒரு விநாடி அசந்தாலும் எல்லை தாண்டிவிடும்.

வெயில் சீலன்ட்டையும் காய வைக்கும். குளிர் நாடுகளில் மூன்று, நான்கு மாதம் தாங்குவது இங்கே இரண்டு மாதத்தில் ரப்பர் உருண்டையாகிவிடலாம். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்கிப் பாருங்கள். தண்ணீர்ச் சத்தம் கேட்டால் இருக்கிறது. இல்லையென்றால் வால்வின் உள்ளூசியைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் டையை உள்ளே விட்டு எண்ணெய் அளவு பார்ப்பதுபோல் பார்க்கலாம். சீலன்ட் காய்ந்த டியூப்லெஸ் டயர் என்பது வெறும் டியூப் இல்லாத டயர்தான். முள் குத்தினால் அப்படியே உட்கார்ந்துவிடும்.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

வாரக் கடைசியில் மட்டும் 40 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மிச்ச நாள் சைக்கிளைத் துணி காயப்போடப் பயன்படுத்துகிறவர்களுக்கு (கோபப்படாதீர்கள், நிறையப் பேர் வீட்டில் இதுதான் நிலைமை) டியூப்லெஸ் தேவையில்லை. ஓட்டாமல் நிற்கும் சைக்கிளில் சீலன்ட் ஒரே இடத்தில் தேங்கிக் காயும். இவர்களுக்கு இப்போது டி.பி.யு என்ற பிளாஸ்டிக் வகை டியூப்கள் வந்திருக்கின்றன. 25 முதல் 40 கிராம்தான் எடை. ஓட்டத்தில் டியூப்லெஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. சுருட்டினால் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். முள் பிரச்சினையைத் தீர்க்காது, ஆனால் பராமரிப்பும் இல்லை.

தினமும் ஓட்டுகிறவர்கள், கரடுமுரடான சாலையில் நீண்ட தூரம் போகிறவர்கள், குறிப்பாக ப்ரெவே ஓட்டுகிறவர்கள் கதை வேறு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் புள்ளிகளைத் தவிர வேறெங்கும் பின்தொடரும் வண்டியின் உதவி கிடையாது. இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலை ஓரம் ஹெட்லைட் வெளிச்சத்தில் டியூப் மாற்றியவர்களுக்கு, தானாக மூடிக்கொள்ளும் ஒரு பஞ்சரின் மதிப்பு தெரியும். லாரிகள் உரசிப் போகும் சாலையோரத்தில் நிற்கும் நேரம் குறைவது சௌகரியம் மட்டுமல்ல, பாதுகாப்பும்தான்.

சாலையில் பஞ்சர் ஆனால்?

முதலில் ஒரு எச்சரிக்கை. ஸ்கூட்டர் பஞ்சர் கடையில் ரோடு டயரைக் கொடுக்காதீர்கள். அந்த அண்ணன் கைராசிக்காரராகவே இருக்கட்டும். அவர் வைத்திருக்கும் முறுக்கு ஊசியும் தடித்த ஸ்ட்ரிப்பும் ஸ்கூட்டர் டயரின் தடிமனுக்கானவை. ரோடு டயரின் மெல்லிய இழையில் அந்த ஊசியை விட்டுக் குடைந்தால், இரண்டு மில்லிமீட்டர் ஓட்டை ஐந்தாகிவிடும். சில ஆயிரம் ரூபாய் டயர் அதோடு போச்சு. ஸ்கூட்டருக்கு ஊற்றும் பஞ்சர் ஜெல்லும் அப்படியே. அது குறைந்த அழுத்தத்துக்கானது.

ஓட்டையிலிருந்து சீலன்ட் பீறிட்டால் நிறுத்தி, ஓட்டை கீழ்ப்பக்கம் வரும்படி சக்கரத்தைத் திருப்பி அரை நிமிடம் வையுங்கள். பெரும்பாலும் அழுத்தம் கொஞ்சம் இறங்கியதும் அடைத்துக்கொள்ளும். அடைக்கவில்லையா, சைக்கிளுக்கென்றே விற்கும் மெல்லிய ஸ்ட்ரிப்பைச் சொருகுங்கள். பிறகு கைப் பம்பில் அடியுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தால் கவனம்: சில சீலன்ட்டுகள் அந்தக் குளிர்ந்த வாயு பட்டதும் மொத்தமாகக் கட்டியாகிவிடும். சீலன்ட் பாட்டிலில் அதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

இதுவும் கைகொடுக்கவில்லை என்றால் மிஞ்சுவது பழைய டியூப்தான். ஆமாம், டியூப்லெஸ் ஓட்டுகிறவரும் சீட்டுக்கு அடியில் ஒரு டியூப் வைத்திருக்கத்தான் வேண்டும். டயரைக் கழற்றுவதுதான் சிரமம். டியூப்லெஸ் டயர் இறுக்கமாக இருக்கும். இரண்டு பக்க பீட்டையும் கட்டைவிரலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். அதன் பிறகு லீவர் போடுங்கள். இதை வீட்டில் ஒருமுறை செய்து பழகாமல் நீண்ட சவாரிக்குக் கிளம்ப வேண்டாம். டியூப்லெஸ் வால்வைக் கழற்றி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சாலையோரப் புல்லில் அதன் நட்டு விழுந்தால் கிடைக்காது.

புது டியூபை உள்ளே வைக்கும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு சுற்று முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். வெறும் விரலால் அல்ல, துணியால். மாதக்கணக்கில் சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்துவைத்த முட்களும் கம்பி நுனிகளும் அங்கே வரிசையாக நிற்கும். அவை குத்தியதே உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவற்றைப் பிடுங்காமல் டியூபை வைத்தால் அடுத்த இரண்டு கிலோமீட்டரில் மறுபடி நிற்க வேண்டியதுதான். அனுபவப்பட்ட டியூப்லெஸ்காரர்கள் பையில் இரண்டு டியூபும், முள் பிடுங்க ஒரு சின்ன இடுக்கியும் வைத்திருப்பது இதனால்தான்.